பதினாறு கெஜக் கயிறு

எங்கள் தாத்தாவுக்கு ஹாக்கி ஆட வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோவில்பட்டிக்காரன் ஒருவன் தாத்தாவையும் ஹாக்கியையும் ஒரே வரியில் எழுதினால் படிப்பவர்கள் உடனே மாநில அணி, ரயில்வே வேலை, சுவரில் மெடல் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஒன்றும் கிடையாது. இருபது இருபத்திரண்டு வயதில் தீப்பெட்டி ஆபீஸ் டீமில் லெஃப்ட் பேக்காக நான்கைந்து மேட்ச் ஆடியிருக்கிறார், அதில் ஒன்றில் எதிராளி அடித்த பந்தைத் தடுக்கப் போய்த் தன் கோலுக்குள்ளேயே தள்ளிவிட்டார், அடுத்த வாரம் கேப்டன் அவர் கையிலிருந்து மட்டையை வாங்கிக்கொண்டு சுண்ணாம்பு டின்னைக் கொடுத்துவிட்டார். இந்தக் கதையை அவரேதான் சொல்வார். யாராவது புதுசாக வீட்டுக்கு வந்தால் காப்பி வருவதற்குள் சொல்லிவிடுவார்.

அந்த டின்னை அப்புறம் ஐம்பது வருடத்துக்கு மேல் அவர் கீழே வைக்கவில்லை.

வெளியூர்க்காரர்களுக்குக் கோவில்பட்டி என்றால் கடலை மிட்டாய், 2020-ல் புவிசார் குறியீடுகூட வாங்கியாயிற்று. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் தீப்பெட்டி என்பார்கள். ஹாக்கி மூன்றாவதாகத்தான் ஞாபகத்துக்கு வரும், ஆனால் ஊருக்குள் வரிசையே வேறு. மற்ற ஊர்களில் தெருமுனையில் பையன்கள் ஸ்டம்புக்குப் பதில் செங்கல் வைத்து கிரிக்கெட் ஆடிய காலத்திலும் எங்கள் பக்கம் கருவேலங்குச்சியை வளைத்து மட்டையாக்கி பந்தை உருட்டிக்கொண்டிருந்தார்கள். மண் என்னவோ ஹாக்கிக்கு ஏற்ற மண்ணே இல்லை. கரிசல். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும், மழை பெய்தால் செருப்போடு காலையும் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் சரளும் செம்மண்ணும் கொட்டி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி, அதற்குப் பிறகுதான் மைதானம் என்று சொல்லிக்கொள்ள முடியும். அந்த மண்ணில் கோடு போடுகிறவர்தான் என் தாத்தா.

தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளை. (எங்கள் ஊரில் யாரும் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டார்கள், ஆபீஸ்தான்.) குச்சி அடுக்குகிறவர்கள், மருந்து முக்குகிறவர்கள், பெட்டி ஒட்டுகிறவர்கள் எல்லாருக்கும் கூலி போட்டு சனிக்கிழமை சாயங்காலம் பட்டுவாடா முடித்துவிட்டு நேராக மைதானத்துக்குப் போய்விடுவார். மறுநாள் மேட்ச். இருட்டுவதற்குள் பக்கக் கோடு இரண்டும், காலையில் வெயில் ஏறுவதற்குள் மற்றது எல்லாமும்.

ஹாக்கி மைதானத்துக்கு எவ்வளவு கோடு வேண்டும் என்று யோசித்திருக்கிறீர்களா? நான் ஒரு நாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். நீளம் 100 கெஜம், அகலம் 60 கெஜம், அப்போது சுற்றிவர 320. நடுக்கோடு ஒன்று, 25 கெஜக் கோடுகள் இரண்டு, மூன்றும் சேர்த்து 180. இரண்டு பக்கமும் கோலைச் சுற்றி 'டி' வளைவுகள் (அதற்குள்ளிருந்து அடித்தால்தான் கோல்), அவை ஒரு நூற்றெட்டு. ஆக 600 கெஜத்துக்கு மேல், மூன்று அங்குல அகலத்தில், முழுக்கக் குனிந்தபடி. பால் பவுடர் டின்னின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, அதில் சுண்ணாம்புப் பொடியை நிரப்பி, தட்டித் தட்டிக்கொண்டே பின்னோக்கி நடக்க வேண்டும். முன்னோக்கி நடந்தால் போட்ட கோட்டை நாமே மிதித்துவிடுவோம். தாத்தா சாதாரணமாகத் தெருவில் நடக்கும்போதும் நடுநடுவே திரும்பிப் பார்ப்பார், யாரோ கூப்பிட்டது போல. அது இந்தப் பழக்கம்தான் என்று ஆச்சி சொல்லும்.

இதில் 'டி' போடுவதுதான் வித்தை. டிவியில் பார்க்கிறவர்கள் அதை அரைவட்டம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள், அது இல்லை. கோல் போஸ்ட் ஒவ்வொன்றையும் மையமாக வைத்து 16 கெஜத்தில் ஒரு கால்வட்டம், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, இரண்டையும் சேர்க்க நடுவில் கோலுக்கு நேரே 4 கெஜத்துக்கு ஒரு நேர்க்கோடு. இதற்காக அவரிடம் ஒரு பருத்திக் கயிறு இருந்தது. தேங்காய் நார்க் கயிறு இழுத்தால் நீளும், நைலான் வழுக்கும், அதனால் பருத்தி. அதில் நான்கு முடிச்சு. மூன்றாவது கெஜத்தில் ஒன்று, ஏழில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று, பதினாறில் ஒன்று.

அந்த நான்கு முடிச்சுக்குள் முழு மைதானமும் அடக்கம். முதல் பன்னிரண்டு கெஜத்தை மூன்று, நான்கு, ஐந்து என்று முக்கோணமாக இழுத்துப் பிடித்தால் மூலை மட்டம் வந்துவிடும், கொத்தனார்கள் செய்வது போல. ஏழாவது முடிச்சு பெனால்டி ஸ்ட்ரோக் புள்ளி. மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவில் இருக்கிற நாலு கெஜம் 'டி'யின் நேர்க்கோடு. ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் ஐந்து, அதை இரண்டு தடவை வைத்தால் போஸ்டிலிருந்து பெனால்டி கார்னர் அடிக்கிற பத்து கெஜக் குறி. முழுக் கயிறும் 'டி'. பள்ளிக்கூடத்தில் பிதாகரஸ் தேற்றம் நடத்தியபோது எனக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை, இது தாத்தா கயிறு ஆயிற்றே என்றுதான் தோன்றியது. கணக்கில் அப்படி ஒன்றும் பெரிய மார்க் வாங்கவில்லை, அது வேறு விஷயம்.

விதி மாறினால் ஆட்டக்காரர்கள் புலம்புவார்கள், இவர் சுண்ணாம்பைக் கணக்குப் போடுவார். அவர் ஆரம்பித்த காலத்தில் பக்கக் கோட்டுக்கு ஏழு கெஜம் உள்ளே இன்னொரு நீளக் கோடு இருந்ததாம், வெளியே போன பந்தைக் கையால் உருட்டிவிடுகிற ரோல்-இன் காலம் அது. அதை எடுத்தபோது சந்தோஷம், இரண்டு பக்கமும் சேர்த்து இருநூறு கெஜம் மிச்சம். பின்னாளில் 'டி'க்கு வெளியே ஐந்து மீட்டரில் விட்டு விட்டு ஒரு கோடு வந்தது. "கெஜத்த விட்டுட்டு மீட்டருக்குப் போயிட்டானுக, அதுவும் முழுசா போடாம துண்டு துண்டா. எவன் யோசனைடே இது?" என்று ஒரு மாதம் திட்டினார்.

மேட்ச் நடக்கும்போது அவர் எங்கே இருப்பார் என்றால் கார்னர் கொடிப் பக்கம், தரையில், துண்டை விரித்துப் போட்டு. மேடைக்கு எத்தனை தடவை கூப்பிட்டாலும் போக மாட்டார். மடியில் ஒரு நோட்டு. தீப்பெட்டி ஆபீஸில் பாதி எழுதித் தூக்கிப்போட்ட பழைய லெட்ஜர், சிவப்பு அட்டை, பற்று வரவு என்று கட்டம் போட்டது. அப்படிப் பதினேழு நோட்டு இருக்கிறது. இப்போது என்னிடம் இருக்கிறது, பெங்களூருக்குக் கொண்டுவந்துவிட்டேன். பற்று பக்கத்தில் ஒரு டீம், வரவு பக்கத்தில் ஒரு டீம், கோல்கள், நேரம், மைதானத்தின் நிலைமை. "வடக்கு டி ஈரம்." "காற்று, சுண்ணாம்பு நிற்கவில்லை." "நாய் புகுந்தது, 4 நிமிடம்." கடைசியில் ஒரு வரி, அதில் ஒரே ஒரு ஆட்டக்காரரைப் பற்றி இருக்கும். நான் முதலில் இது ஆட்ட நாயகன் என்று நினைத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டிய பிறகுதான் பிடிபட்டது, எல்லாப் பக்கத்திலும் அது தோற்ற டீமின் ஆள். நான்கு கோலில் தோற்ற டீமாக இருந்தாலும் அதில் ஒருவன் இருப்பான். "5-ம் நம்பர், இரண்டாம் பாதி முழுதும் ஓடினான்." "கோலி சின்னப் பையன். அழுதான். நல்ல கை." (கோலி என்றால் கோல்கீப்பர்.) டிரா ஆன பக்கங்களில் அந்த வரி இல்லை.

ஏன் இப்படி என்று உயிரோடு இருந்தபோது கேட்டிருக்கலாம். பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்ததே அவர் போன பிறகுதான்.

ரேடியோ கேட்டு எழுதிய பக்கங்களும் உண்டு. 1975 மார்ச் 15, கோலாலம்பூர், உலகக் கோப்பை இறுதி ஆட்டம். ரேடியோவில் ஜஸ்தேவ் சிங் இந்தியில் வர்ணனை. தாத்தாவுக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. டீக்கடையில் கூடி நின்ற முப்பது பேரில் யாருக்கும் தெரியாது. பெயர்களும் குரல் ஏறுவதும் இறங்குவதும்தான் கணக்கு. குரல் சாதாரணமாக இருந்தால் பந்து நடுவில், வேகமானால் 'டி'க்குப் பக்கம், மூச்சு விடாமல் போனால் உள்ளே. பாகிஸ்தான் முதல் கோல் போட்டது குரல் விழுந்ததில் தெரிந்ததாம். சுர்ஜித் சிங் சமன் செய்தது தெரிந்தது. அசோக் குமார் அடித்த பந்து போஸ்டில் பட்டு வெளியே வந்து, கோலா இல்லையா என்று அங்கே பாகிஸ்தான்காரர்கள் வாதாடிக்கொண்டிருந்தபோது இங்கே டீக்கடையில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை, கோல் விழுந்தது போலவும் இருக்கிறது, சண்டை போலவும் இருக்கிறது. அசோக் குமார் தயான் சந்தின் மகன் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும், அதனால் கோலாகத்தான் இருக்கும் என்று தாத்தா தீர்ப்பு சொல்லிவிட்டாராம். 2-1. அந்த அணியில் தமிழ்நாட்டு வி.ஜே. பிலிப்ஸும் இருந்தார், அவர் பெயர் வரும்போதெல்லாம் டீக்கடையில் ஒரு கைத்தட்டல். நோட்டில் அன்றைக்குக் கடைசி வரி: "பாகிஸ்தான் தோற்கிற மாதிரி ஆடவில்லை." இந்தி தெரியாத மனிதர் ரேடியோவில் கேட்டுவிட்டு எழுதியது இது!

மறு வருடம்தான் அந்தச் செய்தி வந்தது. 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்ஸில் ஹாக்கியை செயற்கைப் புல்லில் ஆடுகிறார்கள். இந்தியா ஏழாவது இடம், ஒலிம்பிக் ஹாக்கியில் அதற்கு முன் மெடல் இல்லாமல் நாம் திரும்பியதே கிடையாது. ஊரே துக்கத்தில் இருந்தபோது தாத்தா கேட்ட ஒரே கேள்வி, "அதுல கோடு எப்படிப் போடுவாக?" யாருக்கும் பதில் தெரியவில்லை. பேப்பரில் வந்த மங்கலான கறுப்பு வெள்ளைப் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்திருக்கிறார்.

இந்த இடத்தில் எல்லோரும் சொல்கிற ஒன்று உண்டு: செயற்கைப் புல் வந்ததால்தான் இந்திய ஹாக்கி அழிந்தது, வெள்ளைக்காரன் சூழ்ச்சி. பாதி உண்மைதான். மண்ணிலும் புல்லிலும் பந்து நின்று நின்று வரும், மட்டையின் நுனியில் வைத்துப் பந்தை வளைத்துக்கொண்டு போகிற நம் ஆட்களின் வித்தைக்கு அது தோது. செயற்கைப் புல்லில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும், அங்கே நெஞ்சில் மூச்சும் காலில் வேகமும் வேண்டும், தவிர ஒரு மைதானம் போட ஆகிற பணத்துக்கு நம் பள்ளிக்கூடங்கள் எங்கே போகும். எல்லாம் சரி. ஆனால் தாத்தா ஒப்புக்கொள்ள மாட்டார். "அப்போ பாகிஸ்தானுக்காரன் எங்க பழகுனான்? அவனுக்கும் மண்ணுதானடே?" என்பார். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் தங்கம், 1994 உலகக் கோப்பை, இரண்டும் புல் மாறிய பிறகு அவர்கள் வாங்கியது. நாம் நடுவில் 1980-ல் மாஸ்கோவில் சென்னைக்காரர் பாஸ்கரன் தலைமையில் ஒரு தங்கம் வாங்கினோம், அதுவும் பல நாடுகள் புறக்கணித்த ஒலிம்பிக்ஸ், இறுதி ஆட்டத்தில் ஸ்பெயின் விடாமல் துரத்தி 4-3. அந்த ஆகஸ்டில் பிறந்த என் சித்தப்பாவுக்குப் பாஸ்கரன் என்று பெயர் வைக்க வேண்டும் என்று தாத்தா ஒற்றைக் காலில் நின்றிருக்கிறார். ஆச்சி குலசாமி பெயர்தான் என்று சொல்லிவிட்டது. ஆச்சி சொன்னதுதான் நடந்தது, அந்த வீட்டில் எப்போதும் நடப்பது போல.

1982 டிசம்பர், டெல்லி ஆசிய விளையாட்டு. இறுதி ஆட்டம், பாகிஸ்தானிடம் 1-7. இதைக் கேட்ட கதையை அப்பா சொல்லியிருக்கிறார். நாலாவது கோலில் டீக்கடைக் கூட்டம் கலைந்துவிட்டது. ஐந்தாவதில் கடைக்காரர் ரேடியோவை அணைக்கப் போனாராம். தாத்தா விடவில்லை. தனியாக உட்கார்ந்து முழுக்கக் கேட்டுவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்திருக்கிறார். மறுநாளிலிருந்து நாடே கோல்கீப்பர் நேகி மேல் பாய்ந்தது, காசு வாங்கிவிட்டார் என்றெல்லாம் பேசினார்கள். தீப்பெட்டி ஆபீஸில் யாரோ அதையே சொல்ல, கூலிப் பட்டுவாடாவை நிறுத்திவிட்டுச் சண்டைக்குப் போயிருக்கிறார். "ஏழு பந்தும் பத்துப் பேரத் தாண்டித்தானல வந்துச்சு?" அவர் கோபப்பட்டதை ஊரில் பலர் அன்றுதான் பார்த்தார்களாம். நோட்டில் அந்தப் பக்கத்தில் ஸ்கோரும் இரண்டு வார்த்தையும் மட்டும். "முழுதும் கேட்டேன்."

ஹாக்கி மட்டும்தானா என்றால் இல்லை. பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். பொங்கலுக்குப் பக்கத்துக் கிராமங்களில் கபடி என்றாலும், ராத்திரி டியூப்லைட் கட்டி வாலிபால் என்றாலும் சைக்கிளில் கிளம்பிவிடுவார். 1984-ல் பி.டி. உஷா நூறில் ஒரு பங்கு விநாடியில் மெடலை விட்டதை, விரலைச் சொடுக்கி, "இதுல நூத்துல ஒண்ணு" என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். சொடுக்குவது ஒரு விநாடிகூட ஆகாதே தாத்தா என்றால் முறைப்பார். கிரிக்கெட்டும் பார்ப்பார், ஆனால் ஒரு குறை. "அதுல கோடு ரெண்டு பக்கமும் சின்னதா போட்டா முடிஞ்சிருது."

அப்புறம் எங்கள் ஊருக்கே அந்தப் புல் வந்துவிட்டது.

அரசாங்கம் போட்டது, கிருஷ்ணா நகர் பக்கம். அவருக்கு அப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. இனி சுண்ணாம்பு வேண்டாம், கோடுகள் புல்லோடு சேர்ந்தே வந்துவிடும், வெயிலுக்கும் மழைக்கும் அழியாது. வீட்டில் எல்லோருக்கும் கொஞ்சம் பயம்தான், மனிதர் உடைந்துவிடுவாரோ என்று. நான் அப்போது வேலையில் சேர்ந்திருந்தேன், லீவு போட்டு வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார், கோவிலுக்குப் போவது போல. நேரே 'டி'க்குப் போனார். குனிந்து (முழங்கால் வலி, குனிவது சுலபமில்லை) வளைவைக் கையால் தடவிக்கொண்டே நாலடி நடந்தார். பிறகு வேட்டி மடிப்பிலிருந்து கயிற்றை எடுத்தாரே பார்க்கலாம்! கொண்டுவந்திருக்கிறார். என்னைப் போஸ்டின் அடியில் ஒரு நுனியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு வளைவு முழுக்க அளந்தார், இடது போஸ்ட், வலது போஸ்ட், நேர்க்கோடு. காவலுக்கு இருந்தவர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார். அளந்து முடித்துவிட்டு, "சரியாத்தான் போட்டிருக்கான்" என்றார்.

அவருக்குக் கோபம் வந்தது வேறு விஷயத்தில். இந்தப் புல்லில் ஆடுவதற்கு முன் தண்ணீர் பீய்ச்ச வேண்டும், நனைந்தால்தான் பந்து ஒழுங்காக ஓடும், விழுந்தாலும் தோல் உரியாது. எங்கள் ஊருக்குக் குடிதண்ணீர் எங்கேயோ சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வர வேண்டும். குழாயில் எந்த நாள் தண்ணீர் வரும் என்று குடத்தை வைத்துக்கொண்டு காத்துக்கிடந்து வளர்ந்தவர்கள் நாங்கள். பீய்ச்சுவதைப் பார்த்ததும் தாத்தா வாயடைத்துப் போனார். "நெசப் புல்லுக்கே தண்ணி ஊத்த வக்கில்லாத ஊருடே இது. பிளாஸ்டிக்குக்கு ஊத்துதான்." அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழி முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார், சிரிப்பா புலம்பலா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்தப் புல்லால் வந்ததையும் அவர் பார்த்துவிட்டார். ஹாக்கி விடுதியில் எங்கெங்கிருந்தோ பையன்கள் வந்து சேர்ந்தார்கள். இவர் தினமும் காலையில் போய் வேலிக்கு வெளியே நிற்பார், பையன்கள் சுண்ணாம்புத் தாத்தா என்பார்கள், பாதிப் பேருக்கு ஏன் அந்தப் பெயர் என்றே தெரியாது. 2022-ல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பைக்குப் போன இந்திய அணியில் எங்கள் ஊர் மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து வந்து கோவில்பட்டி விடுதியில் பழகிய கார்த்தி செல்வமும் இருந்தார்கள். கார்த்தி முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் அடித்தான். (வயதில் சின்னவன் என்பதால் 'ன்' போட்டுவிட்டேன், தாத்தா வாயில் அப்படித்தான் வரும்.) தாத்தா தெரு முழுக்கக் கடலை மிட்டாய் கொடுத்தார். சர்க்கரை நோய்க்காரர், மிச்சம் இருந்ததைத் தானும் தின்றுவிட்டார், அதற்கு ஆச்சியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது தனி.

2023 ஆகஸ்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை. இந்தியா பாகிஸ்தான் ஆட்டத்துக்கு எப்படியோ இரண்டு டிக்கெட் பிடித்துவிட்டேன். 83 வயதில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி வந்தார். எழும்பூரில் இறங்கினால் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம் கூப்பிடு தூரம், ஆட்டோ வேண்டாம் நடப்போம் என்றார், நடந்தோம், நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து. உள்ளே நீலப் புல், அதன்மேல் விளக்கு வெளிச்சம். அவ்வளவு கூட்டம் ஹாக்கிக்கு வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போல, பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கூட்டத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாம் 4-0. பக்கத்தில் இருந்த காலேஜ் பையன்கள் ஆடித் தீர்த்தார்கள். இவர் என் கையைத் தட்டி, பாகிஸ்தான் கோலியைக் காட்டி ஏதோ சொன்னார், சத்தத்தில் கேட்கவில்லை. அப்போது எனக்கு நோட்டு விஷயம் தெரியாது. இப்போது தெரிகிறது என்ன சொல்லியிருப்பார் என்று.

பாரிஸ் ஒலிம்பிக்ஸின்போது படுத்துவிட்டார். சிறுநீரகம். ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று சொல்லிவிட்டார்கள், அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். நான் வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லி ஊருக்கு வந்துவிட்டேன், லேப்டாப் ஒரு பக்கம், அவர் கட்டில் ஒரு பக்கம், நடுவில் போனில் ஹாக்கி. ஆஸ்திரேலியாவை 3-2-ல் ஜெயித்தபோது, ஒலிம்பிக்ஸில் அவர்களை ஜெயித்து 52 வருடம் ஆகிறது என்று வர்ணனையில் சொன்னார்கள், "மியூனிக்கு" என்று இவர் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார், 1972 ஒலிம்பிக்ஸ் நடந்த ஊர். கால் இறுதியில் நம் ரோஹிதாஸை சிவப்பு அட்டை காட்டி அனுப்பிவிட, நாற்பது நிமிடத்துக்கு மேல் பத்துப் பேரோடு ஆடி, பிரிட்டனை ஷூட் அவுட்டில் ஜெயித்தோமே, அன்றைக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஜெர்மனியிடம் அரை இறுதியில் தோற்ற ராத்திரி தூங்கிவிட்டார், காலையில் ஸ்கோர் மட்டும் கேட்டார். ஆகஸ்ட் 8, வெண்கலத்துக்கான ஆட்டம், ஸ்பெயின், 2-1. நம் கோலி ஸ்ரீஜேஷுக்குக் கடைசி ஆட்டம். முடிந்ததும் நோட்டை எடுக்கச் சொன்னார். பதினேழாவது நோட்டின் கடைசிக்கு முந்தின பக்கம், கை நடுங்கியதால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இந்தியா 2. ஸ்பெயின் 1. மைதானம் நன்று. பிறகு சும்மா இருந்தார். தூங்கிவிட்டாரோ என்று மூடப் போனேன். "கடைசி வரைக்கும் வந்துக்கிட்டே இருந்தாம்லா ஸ்பெயினுக்காரன். அதப் போடு" என்றார். போட்டேன்.

செப்டம்பர் முதல் வாரத்தில் போய்ச் சேர்ந்தார். விடுதிப் பையன்கள் காலைப் பயிற்சி முடிந்து அப்படியே வந்துவிட்டார்கள், வேர்த்துப்போன ஜெர்சியோடு. சாவு வீட்டுக்குள் மட்டையோடு எப்படி வருவது என்று தயங்கி, எல்லா மட்டையையும் காம்பவுண்டுச் சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். அழுதுகொண்டிருந்த ஆச்சி ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு, "வெயில்ல வைக்காதீகடே, வெடிச்சிரும்" என்றது. மர மட்டைக்குத்தான் அது, இப்போது எல்லாம் கார்பன் ஃபைபர். ஒரு பையனும் மறுத்துச் சொல்லவில்லை. போய் நிழலில் மாற்றி வைத்தார்கள்.

சரி, கயிறு. அதைத் தேடித்தான் நான் போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். நோட்டுகளோடு அதையும் வைத்துக்கொள்ளலாம் என்று ஆசை. பரணில் இல்லை, டிரங்குப் பெட்டியில் இல்லை, சுண்ணாம்பு டின்கூட இருக்கிறது, கயிறு இல்லை. ஆச்சியிடம் கேட்டால், "கொல்லைல கெடக்கு பாரு." போய்ப் பார்த்தால் வேப்ப மரத்துக்கும் குளியலறைச் சுவர் ஆணிக்கும் நடுவில் துணிக் கொடி. நாலு முடிச்சும் அப்படியே, மேலே ஆச்சியின் சேலைகள். ஊருக்குப் புல் வந்த மறுவாரமே தாத்தாவே கட்டிக் கொடுத்துவிட்டாராம். ஏழெட்டு வருடமாக அதில் என் சட்டையும் காய்ந்திருக்கிறது, நான் கவனித்ததில்லை.

டேப் எடுத்து அளந்தேன். 16 கெஜம் என்றால் 14.63 மீட்டர். நுனியிலிருந்து கடைசி முடிச்சு வரை 14.90 இருந்தது. ஒரு சாண் அதிகம். ஈரத் துணியின் பாரத்தில் இழுபட்டிருக்கலாம். ஆனால் ஒரு நப்பாசைச் சந்தேகம், ஐம்பது வருடமாக எங்கள் ஊர் 'டி' கொஞ்சம் பெரிதாகவே இருந்திருக்குமோ? எத்தனை கோல் அந்த ஒரு சாணுக்குள் விழுந்திருக்கும்? ஆச்சியிடம் சொன்னேன், கயிறு நீண்டுபோயிருக்கிறது, தாத்தா கவனிக்கவில்லை போல என்று.

"அவுகளுக்கா தெரியாது? வருசா வருசம் சித்திர பொறந்ததும் கெஜக் கோல வச்சுக்கிட்டு உக்காந்து முடிச்ச அவுத்து அவுத்துக் கட்டுவாக. கண்ணு மங்குன பொறவு நான்தான் கட்டிக் குடுத்தேன்."

கிட்டே போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு முடிச்சுக்கும் பக்கத்தில் பழைய முடிச்சு இருந்த இடங்கள், கயிறு கசங்கி மடங்கிய தழும்புகள், ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை தள்ளித் தள்ளி. எண்ண ஆரம்பித்தேன். பதினொன்று வரை எண்ணியிருப்பேன்.

"எண்ணிக்கிட்டு நிக்காத, மேக்க கருத்துக்கிட்டு வருது, துணிய எடு" என்றது ஆச்சி.